கிளிப்பச்சைச் சப்பாத்தும் ஐம்பத்துமூன்று மணிகளும்

பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சிப் பாடம் வருகிற நாளில் எனக்கு வயிற்றுக்குத்து வரும். ஒரு கிழமை தப்பாமல் வரும். ரீச்சர் என்னை வேப்பமர நிழலில் இருத்திவிட்டு, மற்றப் பிள்ளைகளைக் கையை விரி, காலை அகட்டு, குனி, நிமிர் என்று ஆட்டுவார். நான் நிழலில் இருந்து சட்டைப் பையில் ஒளித்து வைத்த புளியங்காயைக் கடிப்பேன். நாலு பேர் பார்க்கக் கையைக் காலை ஆட்டுவது எனக்குச் செத்த வெட்கம். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றபோது அழுதேன் என்று சொல்வதுதான் மரியாதை. ஆனால் உடற்பயிற்சிப் பாடம் தொலைந்தது என்று ஒரு பக்கம் சந்தோசமாகவும் இருந்தது.

தொலையவில்லை. அறுபத்தெட்டு வயதில் அது என்னைத் தேடி வந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு பிள்ளை, என் மகளை விட இளையவள், தலையில் முக்காடு, முகத்தில் சிரிப்பு, ஒரு கதிரையை என் முன்னால் இழுத்து வைத்தாள்.

"அம்மா, இந்தக் கதிரையின்ர முதுகைப் பிடிச்சுக்கொண்டு ரெண்டு குதிக்காலையும் தூக்குங்கோ பாப்பம்."

என் வாய் என்னைக் கேளாமலே சொன்னது: "எனக்கு வயித்துக்குத்து, மிஸ்."

"வயித்துக்கும் குதிக்காலுக்கும் என்னம்மா கதை? தூக்குங்கோ."

வேப்பமரமும் அங்கே இல்லை. தூக்கினேன்.

அந்தக் கதிரை வரைக்கும் நான் வந்த வழியைச் சொல்ல வேண்டும். எனக்குச் சீனி வருத்தம் வந்து கனகாலம். குளிசை போடுவேன், பாணைக் குறைப்பேன், கலியாண வீட்டில் மட்டும் கண்ணை மூடிக்கொள்வேன். பிறகு பாதத்தில் ஊசி குத்துவது போல் தொடங்கியது. அது வளர்ந்து எரிவானது. கடலில் இறங்கிச் சொறிமுட்டை என்கிற ஜெல்லிமீன் பட்டவர்களுக்கு அந்த எரிவு தெரியும். பகலில் வேலையோடு வேலையாக மறந்திருக்கும். படுத்தால் போர்வை நுனி பட்டாலே போதும், சட்டியில் வைத்தது போல் இருக்கும்.

இதில் பெரிய பகிடி என்னவென்றால், அதே கால் மரத்தும் போயிருந்தது. இல்லாத நெருப்பு சுடும், இருக்கிற முள் தெரியாது. ஒரு நாள் மச்சாள் வீட்டில் மீன் வெட்டிக் கொடுத்துவிட்டு வந்து, குசினிக்கும் விறாந்தைக்கும் நடந்து திரிந்தேன். மச்சாள் என்றால் என் கணவரின் தங்கை. அவர் போன பிறகு எனக்குப் பக்கத்து வளவில் துணையும் அவள்தான், தொல்லையும் அவள்தான். சட்டி வாங்க வந்தவள் வாசலில் நின்று கத்தினாள்.

"என்ன மச்சாள், வீடு முழுக்கப் பீட்றூட் வெட்டினியளோ?"

குனிந்து பார்த்தால் நிலமெல்லாம் சிவப்புக் காலடி. கெளிற்று முள் ஒன்று என் பெருவிரலுக்குக் கீழே அரைவாசி உள்ளே போயிருந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்தப் புண் ஆற மாதக்கணக்கில் மருந்து கட்டினார்கள். கடைசிக் கட்டை அவிழ்த்த அன்று டொக்டர் என் காலைக் கையில் பிடித்தபடி சொன்னார்.

"அம்மா, இந்த முறை தப்பிச்சுது. அடுத்த புண் வந்தா விரலோட நிக்குமெண்டு நான் சொல்லமாட்டன். எரியிற கால் உங்களோட சண்டை பிடிக்குது, அது பரவாயில்லை. மரத்த கால்தான் சொல்லாமக் கொள்ளாமப் போகும்."

சொல்லாமல் கொள்ளாமல் போகிற காலை நினைத்து எனக்கு வயிற்றுக்குத்து வந்தது. இந்த முறை உண்மையாகவே. அந்த டொக்டர்தான் என்னைப் பயிற்சி மிஸ்ஸிடம் அனுப்பினார்.

மிஸ் முதலில் என் கண்ணை மூடச் சொன்னாள். ஒரு நைலோன் நரம்பால், தூண்டில் நரம்பு போலத்தான் இருந்தது, உள்ளங்காலில் அங்கங்கே தொடுவாளாம். தெரிந்தால் ஓம் என்று சொல்ல வேண்டும்.

"தெரியுதோ?"

"ஓம், மிஸ்."

"இப்ப?"

"ஓம்."

"இப்ப?"

"ஓம், ஓம்."

"அம்மா, கண்ணைத் திறவுங்கோ. நான் நரம்பை மேசையில வைச்சிட்டன்."

படித்த பிள்ளை கேட்கும்போது இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் வாழ்க்கையே இப்படித்தான். பெண் பார்க்க வந்தபோதும் தலையை ஆட்டினேன். அவர் நல்ல மனுசனாக இருந்தது மாதாவின் செயல். 

மிஸ் கோபிக்கவில்லை. கதிரையைப் பிடித்துக் குதிக்காலைப் பத்துத் தரம் தூக்கி இறக்கச் சொன்னாள். நிலத்தில் துவாயைப் போட்டுக் கால்விரலால் கவ்வி இழுக்கச் சொன்னாள். கணுக்காலைச் சுழற்றப் பழக்கினாள். இதெல்லாம் வீட்டுக்குள் கதவைச் சாத்திவிட்டுச் செய்யலாம் என்று மனதைத் தேற்றினேன். கடைசியாகத்தான் குண்டைப் போட்டாள்.

"ஒவ்வொரு நாளும் நடக்கவும் வேணும். முதல்ல பத்து நிமிசம். ஒரு மாதத்தில அரை மணித்தியாலத்துக்குக் கொண்டு வாங்கோ. மூடின சப்பாத்துப் போட்டு நடவுங்கோ. போட முதல் சப்பாத்துக்குள்ள கையை விட்டுக் கல்லு, முள்ளு இருக்கோ எண்டு பாருங்கோ. வெறுங்கால் கூடவே கூடாது, வீட்டுக்குள்ளயும்."

"நடந்தா எரிவு போகுமோ, மிஸ்?"

"ஒரேயடியாப் போகுமெண்டு நான் பொய் சொல்லமாட்டன். குறையும். காலுக்கு ரத்தம் ஓடும், தடுமாறி விழமாட்டியள், சீனியும் இறங்கும். உங்கட காலை உங்களோட வைச்சிருக்கலாம்."

அந்தக் கடைசிச் சொல்தான் என்னைப் பிடித்தது. 

வெளியே வந்தால் இன்னொரு சங்கதி. மருந்துக்குக் காத்திருக்கிற விறாந்தையில் ஒரு மூலையில் குடை ஒன்று விரித்தபடி இருந்தது. கூரைக்குக் கீழே குடை. குடைக்குக் கீழே வெள்ளைச் சாரமும் கழுவித் துடைத்த செருப்பும் தெரிந்தன. அந்தச் செருப்பை எங்கள் ஊரில் தெரியாதவர் இல்லை. எங்கள் கோயில் மூப்பருடையது. கோயில் மணி அடிக்கிற நேரம் முதல் திருநாளில் யார் எங்கே நிற்பது என்பது வரை தீர்மானிக்கிற மனுசன். வருத்தம் துன்பம் என்பதெல்லாம் பலவீனமானவர்களுக்கு வருவது என்று அடிக்கடி சொல்லுகிற மனுசன். அவர் என்னைக் கண்டு குடையை இன்னும் பதித்தார். நான் அவரைக் கண்டு தூணுக்குப் பின்னால் போனேன். குடையும் தூணுமாக அரை மணித்தியாலம் நின்றோம். அதற்குப் பிறகு ஒவ்வொரு கிளினிக்கிலும் அப்படித்தான். ஊருக்குள் கண்டால் இரண்டு பேரும் ஒன்றும் தெரியாதது போல் தோத்திரம் சொல்லிக்கொள்வோம்.

வெளிநாட்டில் இருக்கிற மகளுக்குப் போனில் சப்பாத்து விசயத்தைச் சொன்னேன். சொன்ன குற்றத்துக்கு ஒரு பெட்டி வந்தது. திறந்தால் கிளிப்பச்சை. சாதாரணப் பச்சை இல்லை. வயலுக்குள் விட்டால் கிளிகள் வந்து குசலம் விசாரிக்கும், அப்படி ஒரு பச்சை.

"இதென்ன பிள்ளை, எனக்கு இது ஏலாது," என்றேன்.

"அம்மா, கடையில உங்கட அளவுக்கு அதுதான் இருந்தது. நல்ல மெத்துமெத்தெண்ட சப்பாத்து. போடுங்கோ, நான் பாக்க."

போட்டுக் காட்டினேன். அவள் போனைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு முடியும் வரைக்கும் அவளுடைய வீட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். ஆனால் ஒரு விசயம், அதைப் போட்டபோது கால் எரிவு கொஞ்சம் அடங்கியது போல் இருந்தது. வெள்ளைச் சேலையை வழக்கத்தை விட நாலு விரல் கீழே இறக்கிக் கட்டினேன். பச்சை மறைந்தது.

அடுத்த சிக்கல், எங்கே நடப்பது. எங்கள் ஊரில் ஒரு பொம்பிளை சும்மா நடக்க முடியாது. கீரிக் கடற்கரைக்குப் போகிற ரோட்டில் பத்து வீட்டைத் தாண்டினால் பத்துப் பேர் "எங்க போறியள்?" என்று கேட்பார்கள். கேட்பவர்களுக்கு ஒரு பதில் கொடுத்தே ஆக வேண்டும். "கால் நரம்புக்காக நடக்கிறன்" என்று சொன்னால், எந்த நரம்பு, எப்போது தொடங்கியது, யார் செய்வினை செய்தது என்று விடிய விடியக் கதை போகும். ஆகவே நான் கடைக்குப் போகிறேன் என்றேன். கடைக்குப் போனால் ஏதாவது வாங்க வேண்டும். உப்பு வாங்கினேன். அடுத்த நாளும் உப்பு. பதினோராம் நாள் கடைக்காரத் தம்பி கேட்டார்.

"அம்மா, வீட்டில உப்பளம் ஏதும் திறக்கப் போறியளோ?"

அதோடு கடைப்பக்கம் நடை நின்றது. இரண்டு நாள் வீட்டுக்குள் கட்டிலைச் சுற்றி நடந்தேன். தலை சுற்றியதுதான் மிச்சம். மூன்றாம் நாள் விடியற்பூசை முடிந்து வரும்போது, கோயிலின் பின்பக்கத்தில் ஒரு அம்மா செபமாலையோடு நடந்து போவதைப் பார்த்தேன். ஒருவரும் அவவிடம் எங்கே போகிறீர்கள் என்று கேட்கவில்லை. வழிவிட்டு ஒதுங்கினார்கள். மாதா எனக்கு வழி காட்டினா என்றுதான் அன்று நினைத்தேன். 

அன்று முதல் விடியற்பூசைக்குப் பிறகு, வீட்டிலிருந்து கொண்டு வந்த இரண்டு கிறாக்கர் பிஸ்கட்டை மெல்ல மென்று விழுங்கிவிட்டு, சேலை முந்தானையில் ஒரு டொபி முடிந்துகொண்டு, கையில் செபமாலையோடு கோயிலைச் சுற்றி நடந்தேன். டொபி, சீனி திடீரென்று இறங்கினால் வாயில் போட. செபமாலை முழுவதையும் ஆறுதலாகச் சொல்லி, மாதா பிரார்த்தனையும் சேர்த்தால் மிஸ் சொன்ன அரை மணித்தியாலம் கச்சிதமாக வரும். மணிக்கூடு தேவையில்லை. ஒரு மணியையும் விடவில்லை, ஐம்பத்துமூன்றையும் சொன்னேன். ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும், "அருள் நிறைந்த மரியே" என்று சொல்லும்போது மனதில் பாதி என் பெருவிரலைப் பற்றித்தான் ஓடியது.

பூசை நேரத்தையும் வீணாக்கவில்லை. விசுவாசப் பிரமாணம் சொல்ல எழும்பி நிற்கும்போது முன் வாங்கின் முதுகைப் பிடித்துக் குதிக்காலைத் தூக்கி இறக்கலாம். முன்னால் இருந்தவ இரண்டு முறை திரும்பிப் பார்த்தா, நில நடுக்கமோ என்று. பிரசங்க நேரம் சப்பாத்தைக் கழற்றி, வாங்குக்குக் கீழே முகம் துடைக்கிற லேஞ்சியைப் போட்டுக் கால்விரலால் கவ்வி இழுப்பேன். பங்குக் குருவான சுவாமியின் பிரசங்கம் நீளம் என்று ஊரில் குறை சொல்வார்கள். என் விரல்களுக்கு அந்தக் குறை இல்லை.

மச்சாள் ஒரு கிழமை என்னைக் கவனித்தாள். எட்டாம் நாள் வேலியோரம் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"மச்சாள், நேர்த்தி வைச்சிருக்கிறியள் போல."

நான் வாயைத் திறந்தேன். அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"வேண்டாம், வேண்டாம்! சொல்லாதேங்கோ. சொன்னாப் பலிக்காது. நான் கேக்கேல்லை, நீங்கள் சொல்லேல்லை."

எங்கள் ஊர் வழக்கம் அதுதான். நேர்த்திக்கடன் என்னத்துக்கு என்று கேட்கக் கூடாது, வைத்தவள் சொல்லவும் கூடாது. என்னைப் போல வாய் திறக்க வெட்கப்படுகிறவளுக்கு இதைவிட வசதியான வழக்கம் உலகத்தில் இல்லை. வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டினேன். ஆட்டியதுதான் பிழை.

அடுத்த நாள் மச்சாளும் செபமாலையோடு பின்னால் வந்தாள். அவளுடைய மறியாடு தொலைந்து மூன்று நாள். மூன்று நாள் என்னோடு நடந்தாள். மூன்றாம் நாள் பின்னேரம் ஆடு தன்பாட்டில் வளவுக்குள் வந்து நின்றது, கழுத்தில் யாருடையதோ கயிற்றின் கடித்த நுனியோடு. ஆட்டுக்குப் பல் இருக்கிறது என்று நான் நினைத்தேன். மச்சாள் அப்படி நினைக்கவில்லை. ஊர் முழுக்கச் சொன்னாள். அடுத்த கிழமை என் பின்னால் எட்டுப் பேர். 

மகனுக்கு வேலை வேண்டும் ஒருத்திக்கு. மருமகளோடு சமாதானம் வேண்டும் இன்னொருத்திக்கு. எல்லாரும் வெறுங்கால், எல்லாரும் வாய் திறவாமல், என் வேகத்துக்கு. பள்ளிக்கூடத்தில் பின்வரிசைக்குக் கூட வராத நான், இப்போது முன்னால் போகிறேன். வெட்கத்தில் வேகமாக நடந்தேன். அவர்களும் வேகமாக நடந்தார்கள். மிஸ் பார்த்திருந்தால் சந்தோசப்பட்டிருப்பாள்.

ஒரு விடியல், இருள் விலகாத நேரம், பின்னால் ஒருத்தி மச்சாளிடம் குசுகுசுத்தது எனக்குக் கேட்டது.

"அக்கா, உங்கட மச்சாளின்ர காலடியில பச்சையா ஒரு வெளிச்சம் போகுது, கண்டனீங்களோ?"

"சத்தம் போடாத. நானும் கண்டனான்."

அன்று வீட்டுக்குப் போய்ச் சேலையை இன்னும் இரண்டு விரல் இறக்கினேன்.

இதற்குள் நாலு மாதம் போயிருந்தது. எரிவு குறைந்திருந்தது. படுத்தால் போர்வையைத் தாங்கியது கால். குசினியில் இருந்து விறாந்தைக்குச் சுவரைப் பிடிக்காமல் வந்தேன். ஒவ்வொரு நாளும் நடை முடிந்து, முகம் பார்க்கிற கண்ணாடியை நிலத்தில் வைத்து உள்ளங்காலைப் பார்ப்பேன். ஒரு கீறல் இல்லை. இந்த வயதில் கண்ணாடியில் முகத்தை விடக் காலைப் பார்ப்பதுதான் சந்தோசம்.

அப்போதுதான் திருநாள் வந்தது. கொடியேற்றத்துக்கு முதல் நாள் மூப்பர் படலையைத் திறந்துகொண்டு வந்தார். மச்சாள் கூடவே வந்தாள், கதை தவறிப் போகக் கூடாது என்று.

"இந்த முறை சுத்துப்பிரகாரத்தில நேர்த்திக்காரப் பொம்பிளையளை நீங்கள்தான் முன்னுக்குக் கொண்டு போக வேணும்," என்றார் மூப்பர். "பூசை முடிய வெளிக்கிட்டுக் கடற்கரைக் குருசடிக்குப் போய்த் திரும்பி வாறது. கையில மெழுகுதிரி. வழக்கம் தெரியும்தானே, வெறுங்கால்."

பூசை முடிய என்றால் பத்து மணி வெயில். சுடுகாற்று வீசுகிற கச்சான் காலம். சிலுவை நட்ட அந்தக் குருசடி வரைக்கும் புதிதாகப் போட்ட தார் ரோட்டு. ஏலாது என்று சொல்லத்தான் நினைத்தேன். மூப்பர் பார்த்தார், மச்சாள் பெருமையோடு பார்த்தாள், ஆடு கூடப் பார்த்தது. என் தலை ஆடிவிட்டது.

அடுத்த செவ்வாய்க்கிழமை கிளினிக். குடை வழக்கமான மூலையில் இருந்தது. மிஸ் என் காலைப் பார்த்து, "கெட்டிக்காரி," என்றாள். நான் தார் ரோட்டுக் கதையைச் சொன்னேன். அவள் முகம் மாறியது.

"வெறுங்காலோட தார் ரோட்டிலயோ? அம்மா, மற்றாக்களுக்குச் சுட்டாத் துள்ளி ஓடுவினம். உங்களுக்குச் சுடாது. கொப்புளம் வந்து உடையிற வரைக்கும் நீங்கள் பாட்டுப் படிச்சுக்கொண்டு நடப்பியள். அதுதான் எனக்குப் பயம்."

"அப்ப என்ன செய்யிற, மிஸ்?"

"ஏலாதெண்டு சொல்லுங்கோ. ஒரு சொல்லுத்தானே."

அவளுக்கு ஒரு சொல். எனக்கோ, நாலு மாதமாக ஊரையே மாதாவின் பேரால் ஏமாற்றிய கதை முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் வரிசையில் நின்றது. 

வீட்டுக்கு வந்து யோசித்து ஒரு தந்திரம் கண்டுபிடித்தேன். சுவாமியிடம் சொன்னால் அவர் ஊருக்குச் சொல்லிவிடுவார். நேரே போய்ச் சொல்ல வெட்கம். ஆகவே சனிக்கிழமை பாவத்தைச் சொல்லுகிற மரக்கூண்டில், பாவசங்கீர்த்தனத் தொட்டியில், முழந்தாளிட்டேன். நடுவில் தட்டி இருக்கிறது, முகம் தெரியாது.

"சுவாமி, நான் செபமாலையை மணிக்கூடாப் பாவிச்சுப் போட்டன்."

"விளங்கேல்லை, அம்மா."

விளங்கப்படுத்தினேன். உப்பு, சப்பாத்து, ஆடு, பச்சை வெளிச்சம், வாங்குக்குக் கீழே லேஞ்சி, எல்லாம். தட்டிக்கு அந்தப் பக்கம் தொட்டி மெல்ல ஆடத் தொடங்கியது. சுவாமி அழுகிறார் என்று பயந்து போனேன். கொஞ்ச நேரத்தில் மூக்கைச் சீறிக்கொண்டு கேட்டார்.

"நடக்கேக்க செபம் சொன்னனீங்களோ?"

"ஒரு மணியும் விடேல்லை, சுவாமி."

"அப்ப மாதா ஏமாறேல்லை. சனம்தான் ஏமாந்தது. அதுகளுக்கு நீங்கள்தான் சொல்ல வேணும்."

"நீங்கள் சொல்லுங்கோவன். பிரசங்கத்தில ஒரு இடத்தில செருகி விடலாம்."

"பாவசங்கீர்த்தனத்தில கேட்டதை நான் வெளிய மூச்சு விடேலாது, அம்மா. மூப்பர் முன்னால வந்து நிண்டு கேட்டாலும் எனக்கு ஒண்டும் தெரியாது."

என் தந்திரம் என் தலையிலேயே விழுந்தது. சொல்லக்கூடிய ஒரே மனுசனின் வாயை நானே பூட்டிவிட்டு வந்தேன். அபராதமாக ஒரு செபமாலை சொல்லச் சொன்னார். "நடந்து சொல்லுங்கோ," என்று சேர்த்துக்கொண்டார்.

திருநாள் வந்தது. பூசை முடிந்தது. மாதாவின் சுரூபத்தைத் தூக்க ஆண்கள் தோளுக்குத் துணி வைத்தார்கள். பொம்பிளைகள் கோயில் வாசலில் செருப்புகளைக் கழற்றிக் குவித்தார்கள். நான் மெழுகுதிரியோடு, இறக்கிக் கட்டிய சேலையோடு நின்றேன். ஒருவரும் கவனிக்காமல் சப்பாத்தோடு போய் வந்துவிடலாம் என்பதுதான் கடைசி நம்பிக்கை.

மச்சாளை நான் கணக்கில் எடுக்கவில்லை. 

"மச்சாள், உங்கட செருப்பைத் தாங்கோ, என்ரயோட வைக்கிறன். துலைஞ்சு போயிடும்," என்று சொல்லிக்கொண்டே குனிந்து என் சேலைக் கரையை உயர்த்தினாள்.

பத்து மணி வெயிலில் கிளிப்பச்சை எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. 

மச்சாள் குனிந்தபடியே நின்றாள். பின்னால் நின்ற எட்டுப் பேரும் எட்டிப் பார்த்தார்கள். வெளிச்சம் கண்டவள், "அட, இதுதானோ!" என்றாள். இனி ஒளிக்க ஒன்றும் இல்லை. என் குரல் எனக்கே கேட்காத அளவில் வெளியே வந்தது.

"இது நேர்த்தி இல்லை. கால் நரம்புக்கு மிஸ் சொன்ன எக்சசைஸ்."

மச்சாள் மெல்ல நிமிர்ந்தாள்.

"அப்ப என்ர ஆடு?"

யாரோ ஒருத்திக்குச் சிரிப்பு வெடித்தது. சுரூபத்தடியில் நின்ற சுவாமி திடீரென்று ஆகாயத்தைப் பார்த்தார். சிரிப்புச் சத்தத்துக்கு மூப்பர் விறுவிறு என்று வந்தார். என் காலைப் பார்த்தார். முகம் சிவந்தது.

"இதென்ன கூத்து? மாதாவின்ர முன்னால சப்பாத்தோ? கழட்டுங்கோ, எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கினம்."

எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் வாழ்க்கையில் அந்த ஒரு வசனத்துக்கு நான் எதிர்த்து நின்றதில்லை. டொக்டர் சொன்னது தெரியும், மிஸ் சொன்னது தெரியும், ஆனாலும் என் கை நாடாவை அவிழ்க்கக் குனிந்தது. முதல் முடிச்சை அவிழ்த்தும் விட்டேன். 

குனிந்த இடத்தில்தான் மூப்பரின் கால்கள் என் கண்ணுக்கு முன்னால் இருந்தன. வெறுங்கால். இடது பெருவிரலில் ஆஸ்பத்திரிக் கட்டு. கட்டு நனைந்து, மண் ஒட்டி, ஒரு பக்கம் அவிழ்ந்து தொங்கியது. உள்ளே இருந்த சிவப்பு எனக்குத் தெரிந்த சிவப்பு. அவர் அந்தக் காலில் முழுப் பாரத்தையும் போட்டு நின்றார், முகத்தில் ஒரு சுழிப்பும் இல்லாமல். மனுசனுக்குத் தெரியவில்லை. என் கெளிற்று முள் போலத்தான், ஒன்றும் தெரியவில்லை.

என் வெட்கம் அந்த இடத்தில் எங்கே போனது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. நாடாவைத் திரும்ப இறுக்கி இரட்டை முடிச்சுப் போட்டேன். நிமிர்ந்து, அவருக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டேன். எனக்கு இருப்பதே அந்தக் குரல்தான்.

"மூப்பர், உங்கட விரலுக்கு மிஸ் என்ன சொன்னவ?"

அவர் என்னைப் பார்த்தார். குடை இல்லாமல் அவரை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை. கண்ணிமை இரண்டு தரம் அடித்தது.

"வெறுங்கால் கூடாதெண்டவ," என்றார், என்னைவிடச் சின்னக் குரலில்.

"எனக்கும் அதைத்தான் சொன்னவ. நான் கழட்டமாட்டன். நீங்களும் செருப்பைப் போடுங்கோ. இல்லையெண்டா முதல்ல கட்டை மாத்துங்கோ."

அவர் தொண்டையைச் செருமினார். சனத்தைப் பார்த்துத் திரும்பி, பழைய மூப்பர் குரலை எடுத்தார்.

"இண்டைக்குத் தார் கடுமையாச் சுடுது! வயசானாக்கள் செருப்போட வரலாம்!"

சொல்லிவிட்டு, கோயில் வேலை பார்க்கிற சங்கிலித்தாமின் அறைக்குப் போய், புதுத் துணி சுற்றிக்கொண்டு, செருப்போடு வந்தார். ஆனால் அந்த அறிவிப்பால் வேறு ஒருவரும் அசையவில்லை. வயசானாக்கள் என்று சொன்னால் எந்தப் பொம்பிளை போய்ச் செருப்பை எடுப்பாள்? என் மச்சாளுக்கு அறுபத்தொன்று. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெறுங்காலோடு தாரில் இறங்கினாள். 

முதல் நூறு அடி எல்லாரும் இளம் பெட்டைகள்தான். பிறகு பாட்டுக்கு நடுவில் "ஸ்", "ஆ" என்று சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு மச்சாள் ஒரு காலை மற்றக் காலின் மேல் வைத்துக் கொக்குப் போல் நின்றாள். அப்புறம் ஒன்றும் சொல்லாமல் திரும்பி ஓடினாள். வரும்போது இரண்டு கையாலும் அணைத்தபடி ஒரு குவியல் செருப்பு. அவளவளுடையது எது என்று பார்க்க நேரம் இல்லை. குருசடிக்குப் போய்ச் சேர்வதற்குள் எட்டுப் பேரும் வயசானவர்களாகிவிட்டார்கள், பாதிப் பேர் மற்றவளின் செருப்போடு.

அன்று பின்னேரம் மச்சாள் வேலியோரம் வந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நினைத்தேன்.

"நாலு மாதம் என்னை விசரியாக்கிப் போட்டியள்."

"ஓம்."

"நாளைக்கு எத்தினை மணிக்கு?"

"நேர்த்தி இல்லையெண்டு சொல்லிப் போட்டனே."

"நேர்த்தி இல்லாட்டி என்ன? எனக்கு முழங்கால் நோ கொஞ்சம் குறைஞ்சிருக்கு. வாயைத் திறந்து சொன்னாத்தானே தெரியும். உங்களைப் போல நானும் சொல்லேல்லை."

ஆகவே இன்றைக்கும் நடக்கிறோம். என் எரிவு முழுதாகப் போகவில்லை. மழைக் காலத்தில் கூடும், ஒரு நாள் நடக்காமல் விட்டால் அன்று ராத்திரியே முறைப்பாடு வைக்கும். ஆனால் இரண்டு காலும் என்னோடு இருக்கின்றன, ஒரு விரலும் குறையவில்லை. மூப்பரின் விரலும் ஆறிவிட்டது. அவர் எங்களோடு நடப்பதில்லை. ஒவ்வொரு விடியலும், சப்பாத்துப் போட்டுக்கொண்டு, கோயில் மதிலில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, எங்களுக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றி வருவார். அரை மணித்தியாலம் பார்ப்பார். அப்படிப் பார்த்தால் எந்த மதிலும் வெடிக்காது. எதிரில் வரும்போது இரண்டு பேரும் தோத்திரம் சொல்லிக்கொள்வோம்.

சுவாமிக்குத்தான் கொஞ்சம் கஷ்டம். ஞாயிற்றுக்கிழமை விசுவாசப் பிரமாணம் தொடங்கினால் பொம்பிளைகள் பக்கத்தில் மூன்று வாங்குச் சனம் ஒரேயடியாக ஒரு அங்குலம் உயரும், ஒரு அங்குலம் இறங்கும். பீடத்தில் நின்று பார்த்தால் அலை அடிப்பது போல் இருக்கும் போல. அவர் புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொள்கிறார். போன கிழமை அதையும் மீறிச் சிரித்து, வரியை விட்டுவிட்டார். ஏன் சிரித்தீர்கள் என்று மூப்பர் கேட்டாராம். தனக்கு ஒன்றும் தெரியாது என்று சுவாமி சொன்னாராம்.